காசியில் நமக்கும் உறவினர் உண்டு!

காசி! இரண்டே எழுத்து. ஆனால் அந்த இரண்டெழுத்து நம் நாட்டு மக்களின் நெஞ்சிலே பிடித்துக்கொண்டிருக்கும் இடம் கொஞ்சமா? குடையும் கோலும் தாங்கி மாப்பிள்ளை காசிக்குப் புறப்படுவார். பெண்ணைப் பெற்றவர் பத்தடி தூரத்திலே மறித்து, துறவு வேண்டா, இல்லறம் கொள்க என்று அழைத்து வருவார். அதன் பின்புதான் தாலி. 15ஆம் நூற்றாண்டிலே பராக்கிரம பாண்டியன் தெற்கே ஒரு காசியை எழுப்பினான். பட்டாசு செய்து கைகள் கருத்துப்போன உழைப்பாளர் வாழும் ஊருக்கும் சிவகாசி என்றே பெயர். "காசிக்குப் போனாலும் கருமம் தொலையாது" என்று பழமொழி சொல்லி நகைப்பாள் பாட்டி. அதே பாட்டிதான், கங்கை நீர் அடைத்த செப்புச் சொம்பைப் பூசை மாடத்திலே வைத்துக்கொண்டு, உயிர் போகும் வேளையிலே வாயில் ஒரு துளி விடவேண்டும் என்று பேரனிடம் சொல்லியும் வைப்பாள். ஐயமும் அச்சமும் ஒரே கூரையின்கீழ்க் குடித்தனம் நடத்தும் நாடு இது!

2022ஆம் ஆண்டிலே, ஒன்றிய அரசின் ஏற்பாட்டில் "காசி தமிழ்ச் சங்கமம்" தொடங்கியது. அதன் பின்னும் நடந்தது. காசிக்கும் தமிழுக்கும் உறவு உண்டு, பழைய உறவு, பிரிக்க முடியாத உறவு என்று மேடையிலே முழங்கினர். உண்டு, யார் மறுத்தார்? நாம் கேட்பது ஒன்றே: எவருக்கும் எவருக்கும் உறவு? உறவென்றால் கொடுக்கல் வாங்கல் இருக்கும். அந்தக் கணக்கேட்டை முழுவதும் படிப்பார்களா, அல்லது பாதி ஏட்டை மடித்து வைத்துவிட்டு மீதியை மட்டும் படிப்பார்களா?

மடித்து வைத்த பக்கங்களைக் காணவே, அரையாண்டு விடுமுறையிலே முதுகில் ஒரு பையைச் சுமந்துகொண்டு நாம் காசிக்குச் சென்றோம். பையினுள்ளே இரண்டு மாற்றுடை, ஒரு போர்வை, ஒரு குறிப்பேடு. நீர் கொண்டுவரச் சொம்பு மட்டும் இல்லை.

வடக்கே வருணை, தெற்கே அசி என்னும் இரண்டு சிற்றாறுகள். இவ்விரண்டுக்கும் இடையே கங்கையின் மேற்குக் கரையில், பிறைபோல் வளைந்து கிடக்கிறது வாரணாசி. ஆற்றங்கரை நெடுகிலும் எண்பதுக்கு மேற்பட்ட படித்துறைகள். படித்துறைக்குப் பின்னே சந்து; சந்துக்குப் பின்னே சந்து. இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும்; முதுகிலே பை இருந்தால் இருவருமே ஒட்டிக்கொள்ள வேண்டும். ஆந்திரத்து உழவர் கூட்டம், வங்கத்துக் கைம்பெண்கள், மராட்டியத்து முதியோர், காவிப் போர்வை கட்டிய வெள்ளைக்காரர், இவர்களுக்கிடையே அசைபோட்டு நிற்கும் மாடு, அதனருகே மண் குவளையில் தேநீர் விற்கும் சிறுவன். திடீரென்று "ராம் நாம்" என்ற ஒலி; மூங்கில் பாடையொன்று தோள்மேல் விரைந்து வரும்; எல்லோரும் வழிவிடுவர். அதற்கு மட்டுந்தான் அந்தச் சந்துகளிலே வழி தானாகக் கிடைக்கிறது.

கேதார் துறையிலே ஒரு புரோகிதர் நம்மைத் தமிழிலேயே நிறுத்தினார். வியப்பில்லை, அந்தப் பகுதியிலே தமிழ் தெரியாமல் பிழைப்பு நடவாது. "கோத்திரம் என்ன?" என்றார். பள்ளி ஆசிரியர் என்றோம். அது தொழிலாயிற்றே என்றார். எமக்கு அதுவே கோத்திரம் என்றோம். சிரித்துவிட்டு அடுத்தவரைப் பிடிக்கப் போய்விட்டார். நல்ல மனிதர்தான். காசிலாதவனுக்குக் காசியிலே நேரம் ஒதுக்குவது அவர் குடும்பத்துக்குக் கட்டாது.

இந்த ஊரின் மாபெரும் மூலதனம் எது? அதன் பழமை! அழியாதது, ஆதியானது, பிரளயத்திலும் மூழ்காதது என்று கூறுவர். ஊர் பழையதுதான், இராஜ்காட்டு மேட்டை அகழ்ந்தோர் கி.மு. 800 அளவிலே மக்கள் அங்கு வாழ்ந்த தடயங்களைக் கண்டனர். ஆனால் கண்ணாலே காணும் காசி, கைகூப்ப வைக்கும் காசி, எத்துணைப் பழையது? விசுவநாதர் கோவிலை 1669-இல் அவுரங்கசீப் இடிக்கச் செய்தார். இன்று நிற்கும் கோவில் இந்தூர் அரசி அகல்யாபாய் 1780 அளவிலே கட்டியது. கோபுரத்துப் பொன் 1830களிலே சீக்கிய மன்னர் ரஞ்சித் சிங் கொடுத்தது. படித்துறைகளின் கற்கள் பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னும் மராட்டியத் தலைவர்கள் போட்டவை. சிந்தியா துறை, போன்சலே துறை என்று பெயரே சாட்சி. தசாசுவமேதத் துறையிலே அந்தியில் அடுக்குத் தீபம் சுழற்றும் காட்சி இருக்கிறதே, ஆயிரமாயிரம் மக்கள் படகிலும் படியிலும் நெருக்கியடித்துக் காண்கிறார்களே, வேதகாலக் காட்சி என்று மெய்சிலிர்க்கிறார்களே, அது இன்றைய உருவிலே தொடங்கியது 1990களில். நம் தமையன்மாரின் வயது! 2021 டிசம்பரில் திறக்கப்பட்ட கோவில் வளாகத்துக்காக முந்நூறு அளவிலான கட்டிடங்கள் விலைக்கு வாங்கி இடிக்கப்பட்டன. எத்தனையோ தலைமுறை புழங்கிய சந்துகள் மறைந்தன. பழமையைப் போற்றப் பழமையை இடித்த விந்தையை என்னென்பது!

மான் மந்திர் துறையில் ஒரு மாளிகை. அதன் மேல்மாடியிலே, 18ஆம் நூற்றாண்டில் ஜெய்ப்பூர் மன்னர் ஜெய்சிங் அமைத்த வானாய்வுக் கருவிகள் நிற்கின்றன. கல்லும் காரையுமாகக் கட்டி, நிழலின் நீளத்தால் நேரமும், கோணத்தால் கதிரவன் நிலையும் அளந்த கருவிகள். கீழே படித்துறையில் நிற்க இடமில்லை. மேலே நாமும் ஒரு காவலரும் மட்டுமே இருந்தோம்.

எண்ணிப் பார்ப்பது இந்த ஊருக்கு என்றுமே பிடிக்காத வேலை போலும். 1820களிலே நாணயச் சாலையில் வேலை பார்க்க வந்தார் ஜேம்சு பிரின்செப் என்ற ஆங்கில இளைஞர். காசியின் மக்கள்தொகை ஐந்து லட்சத்துக்கும் மேல் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்த காலம். அவர் வீடு வீடாகக் கணக்கெடுக்கச் செய்தார். வந்த தொகை ஏறத்தாழ 1,80,000! அதே இளைஞர்தான் பின்னர் 1837-இல், எவருக்கும் படிக்கத் தெரியாது போயிருந்த அசோகன் பிராமி எழுத்தைப் படித்துக் காட்டியவர். எண்ணத் தெரிந்தவனுக்கே எழுத்தும் புலப்பட்டது.

இனி, நம்மவர் கணக்குக்கு வருவோம்.

17ஆம் நூற்றாண்டிலே குமரகுருபரர் காசிக்குச் சென்று கேதார் துறையில் மடம் அமைத்தார். மொகலாயரின் ஆளுநரோடு பேச இந்துத்தானி மொழி வேண்டியிருந்தது; கலைமகளைப் பாடி ஒரே நாளில் பெற்றார் என்கிறது மடத்து மரபு. முயன்று கற்றார் என்று சொன்னால் அவர் புலமைக்கு என்ன குறைவு வந்துவிடும் என்பது நமக்கு விளங்கவில்லை. செட்டிநாட்டு நகரத்தார் 19ஆம் நூற்றாண்டு தொட்டு அங்கே சத்திரம் நடத்தி, விசுவநாதருக்கு நாள்தோறும் பூசைப் பொருள் அனுப்பி வருகின்றனர். பாரதியார் 1898 முதல் 1902 வரை அனுமான் துறையிலே அத்தை வீட்டில் தங்கிப் படித்தார். குடுமியை எடுத்துவிட்டு மீசை வளர்த்தது அங்கேதான். அத்தை வீட்டு ஆசாரத்துக்கு அது பொறுக்கவில்லை என்று வாழ்க்கை வரலாறுகள் கூறும்.

மீசை என்றதும் மற்றொரு மீசை நினைவுக்கு வரும். பாரதியார் ஊர் திரும்பிய இரண்டாண்டு கழித்து, 1904-இல், ஈரோட்டிலிருந்து தந்தையோடு பிணங்கிக்கொண்டு துறவியாகப் புறப்பட்ட இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் காசி வந்து சேர்ந்தார். கையிலே பணமில்லை, வயிற்றிலே நெருப்பு. சத்திரந்தோறும் சோறு மணக்கிறது, ஆனால் பார்ப்பனர்க்கு மட்டும். பூணூல் ஒன்றை மாட்டிக்கொண்டு உள்ளே நுழைய முயன்றார். மீசை காட்டிக் கொடுத்துவிட்டது. வாயிற்காவலன் தெருவிலே தள்ளினான். வெளியே எறியப்பட்ட எச்சில் இலைகளில் மிஞ்சியதை நாய்களோடு போட்டியிட்டு அள்ளி உண்டார். உண்டு நிமிர்ந்து பார்த்தபோது சுவரிலே பெயர் பொறித்திருந்தது. அந்தச் சத்திரத்தைக் கட்டியவர் தென்னாட்டுச் செல்வர், பார்ப்பனரல்லாத வணிகர்!

மேடைதோறும் சொல்லப்பட்ட செய்திதான், தோழர்களே. ஆனால் சொல்லும்போது நாம் காவலனிடம் சினம் கொள்கிறோம்; சுவரிலுள்ள பெயரை விரைவாகக் கடந்து விடுகிறோம். அந்தப் பெயருக்கு உரியவர் கொடியவரல்லர். கடல் கடந்தோ கடை விரித்தோ உழைத்துச் சேர்த்த பொருளை, ஆயிரங்கல் தொலைவிலே எவரோ உண்பதற்காகக் கொடுத்தவர். அவர் நெஞ்சிலே ஈரம் இருந்தது. அந்த ஈரம் எந்த வயலுக்குப் பாயவேண்டும் என்பதை மட்டும் வேறொருவன் முடிவு செய்தான். அறம் செய்தவரே அந்தப் பந்தியிலே உட்கார முடியாது. உட்கார முடியாததைக் குறையென்றும் அவர் கருதியதில்லை. காசி தமிழ் உறவின் கணக்கேட்டில் மடிக்கப்பட்ட பக்கம் இதுதான். வரவு இங்கே, பற்று அங்கே என்பது மட்டுமன்று. பசி எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டது என்பதும் அதிலே இருக்கிறது.

வேறோர் உறவும் உண்டு. சங்கமத்து மேடையைவிட மிகப் பழையது. மணிமேகலைக் காப்பியத்தைப் பிரித்தால் வாரணாசி வரும். வேதம் ஓதுவிக்கும் ஆசிரியன் ஒருவனின் மனைவி சாலி, ஒழுக்கம் தவறினாள் என்ற அச்சத்தால் குமரியில் நீராடப் புறப்படுகிறாள். பாவம் தொலைக்கக் காசிக்குப் போவார் நம்மவர். காசியிலிருந்து பாவம் தொலைக்கக் குமரிக்கு வந்தாள் அவள்! வழியிலே பிள்ளை பெற்று, தோட்டத்தில் விட்டுச் சென்றாள். பசுவொன்று பால் கொடுத்துக் காத்தது. அப்பிள்ளைதான் ஆபுத்திரன். வளர்ந்து வேதமும் கற்ற அவன், வேள்விக்குக் கட்டியிருந்த பசுவை இரவோடிரவாக அவிழ்த்துச் சென்றான். அடித்தார்கள். இழிபிறப்பென்று ஏசினார்கள். உங்கள் முனிவர்கள் பிறந்த கதை என்ன என்று பதிலுக்குக் கேட்டான்; ஊரை விட்டு விரட்டினார்கள். மதுரைக்கு வந்து, பிச்சையெடுத்த சோற்றைக் குருடர்க்கும் முடவர்க்கும் நோயாளிக்கும் முதலில் ஊட்டி மிச்சத்தைத் தான் உண்டான். அவன் கைக்கு வந்ததே அமுதசுரபி. அந்தப் பாத்திரம் எவருடைய மார்பிலும் நூலைத் தேடிப் பார்த்ததில்லை. தேவதை தந்த பாத்திரம் என்பது காப்பியக் கற்பனை. ஆனால் அப்படி ஒரு பாத்திரம் வேண்டும் என்று ஒரு தமிழ்ப் புலவனுக்குத் தோன்றியது கற்பனையன்று. வாரணாசியின் வயிற்றிலே பிறந்து தமிழ்நாட்டிலே கேள்வி கேட்டவன் அவன். உறவு கொண்டாட வேண்டுமானால் இவனைக் கொண்டாடலாமே!

அத்தகைய பிள்ளைகள் காசிக்குள்ளேயும் பிறந்தார்கள் என்பதைத்தான் அந்தச் சந்துகளிலே திரிந்தபோது கண்டோம். 15ஆம் நூற்றாண்டிலே கபீர், தறி நெய்தவர். மௌல்வியையும் பண்டிதரையும் ஒரே தறியிலிட்டுப் பின்னியவர். காசியில் செத்தால் முத்தி. மகரில் செத்தால் கழுதைப் பிறவி என்பது அந்நாட்டு நம்பிக்கை. வாழ்நாளெல்லாம் காசியிலே இருந்த கபீர், சாகும் காலத்திலே காசியை விட்டு, ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அந்த மகருக்குப் போய்ச் செத்தார். இதைவிட ஒரு சொற்பொழிவு வேண்டுமா? சாவதையே ஒரு மறுப்புரையாக்கிய மனிதர்! அங்கே அவருக்கு இந்துக்கள் கட்டிய சமாதியும் முசுலிம்கள் கட்டிய கல்லறையும் அருகருகே நிற்கின்றன. காசியிலோ, 1958-இல் தொடங்கப்பட்ட முத்தி விடுதியொன்று உண்டு. சாகப் போகிறவரை உறவினர் கொண்டுவந்து கிடத்துவர். அறைக்கு இரண்டு வாரத் தவணை. அதற்குள் உயிர் பிரியாவிட்டால் பெரும்பாலும் ஊர் திரும்பவேண்டும். அங்கே தாயின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ஓர் உழவரைக் கண்டோம். அவரைப் பார்த்து நகைக்க நமக்கு மனம் வரவில்லை. கைவிட முடியாத அன்பு, வேறு வழி காட்டாத உலகத்திலே, அந்த அறையை வாடகைக்கு எடுத்திருந்தது.

கபீரின் தறிக்கு அருகே இரவிதாசரின் செருப்புத் தைக்கும் ஊசி. தோல் தொழிலாளர் குலத்தில் பிறந்த அவர் பிறந்தகமென்று கூறப்படும் சீர் கோவர்த்தன்பூர், நகரின் தென்கோடியில் பல்கலைக்கழகத்துக்கு அப்பால் இருக்கிறது. 1965-இல் அங்கே அவருக்குக் கோவில் எழத் தொடங்கியது. மாசி முழுநிலவையொட்டிப் பஞ்சாபிலிருந்து தனித் தொடர்வண்டியிலே மக்கள் லட்சக்கணக்கில் வருகிறார்கள். விசுவநாதரை நோக்கியன்று, தம்மவர் ஒருவரை நோக்கி. சிலை வைத்து வணங்குவதில் நமக்கு உடன்பாடில்லை. ஆனால் 1950களிலே தாழ்த்தப்பட்ட மக்கள் விசுவநாதர் கோவிலுள் நுழைந்தபோது என்ன நடந்தது என்பதை அறிந்தால், அம்மக்கள் ஏன் தமக்கென ஒரு கூரை தேடினர் என்பது விளங்கும். கோவில் தீட்டுப்பட்டுவிட்டது என்று கூறி, கர்ப்பாத்திரி என்னும் துறவி வைதீகர்களுக்காக வேறொரு விசுவநாதர் கோவிலையே ஏற்படுத்தினார்! ஆதி அந்தமில்லாத ஆண்டவன், ஆளைக் கண்டதும் வீடு மாற்றிக்கொண்டான்.

மணிகர்ணிகைத் துறையிலே இரவும் பகலும் பிணம் எரிகிறது. விறகு மலைபோல் குவிந்திருக்கிறது. தராசிலே நிறுத்து விற்கிறார்கள். ஏழையின் உடலுக்கு விறகும் குறைவு. அங்கே எரியூட்டும் நெருப்பைக் கொடுப்பவர் டோம் குலத்தார். தலைமுறை தலைமுறையாக அணையாத நெருப்பு அவர்களிடமே இருக்கிறது என்பர். எத்துணை உயர்ந்த குலத்தாராயினும் அந்த நெருப்பை அவர்களிடமிருந்தே வாங்கவேண்டும். வீடுபேற்றின் திறவுகோல் எவர் கையிலே இருக்கிறதோ அவர்தான் தீண்டத்தகாதவர்! திறவுகோல் புனிதம், கை தீட்டு. புகையிலே சிவந்த கண்களோடு நீண்ட கழியால் எரியும் உடலைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு டோம் இளைஞனுக்கு நம் மாணவர்களைவிட நான்கைந்து வயதுதான் கூடுதலாக இருக்கும். படித்தாயா என்று அரைகுறை இந்தியிலே கேட்டோம். ஐந்தாவது வரை என்று விரலைக் காட்டினான்.

காசியிலிருந்து 10 கிலோமீட்டர் தொலைவிலே சாரநாத். புத்தர் தம் முதல் உரையை நிகழ்த்திய இடம். வேள்வியால் பயனில்லை, பிறப்பால் உயர்வில்லை என்று சொல்லப் புறப்பட்டவர், வேள்வியும் பிறப்புமே செல்வாக்காக இருந்த ஊரின் வாயிலையே தேர்ந்தெடுத்தார் பாருங்கள்! அசோகன் அங்கே தூபி எழுப்பினான். அந்தத் தூபி என்னவாயிற்று? 1669-ஐ நாள்தோறும் நினைவூட்டுவோர் 1794-ஐ நினைவூட்டுவதில்லை. காசி அரசருடைய திவான் குடும்பத்தைச் சேர்ந்த ஜகத் சிங்கின் ஆட்கள், கடைத்தெரு கட்டச் செங்கல் வேண்டுமென்று அந்தத் தூபியைப் பெயர்த்தனர். உள்ளே கற்பெட்டி, அதனுள்ளே பளிங்குப் பேழை, அதனுள்ளே முத்துகளோடு சில எலும்புகள். புத்தருடையவையாகவே இருக்கலாம் என்பது அறிஞர் பலர் கருத்து. காசியில் அப்போது ஆங்கிலேய அதிகாரியாயிருந்த ஜொனாதன் டங்கன் இதனை எழுதி வைத்தார். எலும்புகளை என்ன செய்தார்கள்? கங்கையிலே விட்டார்கள்! ஆற்றில் முழுகுவதால் எவனும் தூயவனாவதில்லை என்று சொன்ன மரபின் முதல்வரை, எலும்பாகக் கிடைத்தபோது, ஆற்றிலே முழுக்கிப் புனிதமாக்கினார்கள். தீங்கு எண்ணிச் செய்ததாகவும் தெரியவில்லை. அவர்கள் அறிந்த உயர்ந்த மரியாதையே அதுதான். பின்னர்ச் சாரநாத்தின் சிலைகளிலும் செதுக்குக் கற்களிலும் 48, வருணை ஆற்றுப் பாலத்தின் தூண்களைக் காக்க நீரிலே கொட்டப்பட்டன. இது வெள்ளைக்காரர் வேலை. எவரையும் விட்டுவைக்காமல் கணக்கெழுதுவதே நேர்மை.

மிஞ்சியவற்றை மண் காத்தது. 1904ஆம் ஆண்டின் இறுதியிலே ஓர்டெல் என்ற பொறியாளர் அங்கே மண்வெட்டி போட்டார். அடுத்த சில மாதங்களுக்குள் அசோகன் தூணும், அதன் உச்சியில் இருந்த நான்கு சிங்கங்களும் வெளிப்பட்டன. 1904! ஈரோட்டு இளைஞர் எச்சில் இலைக்கு முன் குனிந்த அதே ஆண்டு. ஒருவரையொருவர் அறியார், ஒன்றுக்கு மற்றொன்று காரணமுமன்று. எனினும் அந்த ஆண்டை நாம் குறிப்பேட்டிலே இரண்டு முறை எழுதிக்கொண்டோம். 1950 ஜனவரி 26-இல் அந்தச் சிங்கங்கள் இந்திய நாட்டின் சின்னமாயின. ரூபாய்த் தாளிலும் நீதிமன்றத்திலும், நம் பள்ளிக்கு வரும் அரசுக் கடிதத்தின் தலையிலும் அவையே நிற்கின்றன.

சாரநாத் அருங்காட்சியகத்திலே அந்தக் கல்லின் மெருகு இன்னும் கண்ணாடிபோல் ஒளிர்கிறது. நாம் நின்றிருந்தபோது பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்தனர்; ஐம்பது பேர் இருக்கும். இரண்டு சிறுமிகள் நின்று, மூன்று சிங்கந்தானே தெரிகிறது, நான்காவது எங்கே என்று சுற்றிப் பின்புறம் போய் எண்ணிப் பார்த்தார்கள். கங்கைத் தீபத்துக்கு நேரமாகிறது என்று வழிகாட்டி கைதட்டினார். வரிசை நகர்ந்தது. அவ்விரண்டு சிறுமிகள் மட்டும், கீழே உள்ள சக்கரத்தின் ஆரங்களை எண்ணத் தொடங்கியிருந்ததால், கொஞ்சம் பிந்தியே போனார்கள்.